யானையின் பின்னங்கால்கள்

புதன்கிழமை கடைசி மணி அடித்ததும் கணக்கு டீச்சர் நாடக டீச்சர் ஆகிவிடுவார். சாக்பீஸை வைத்துவிட்டு விசிலை எடுப்பார். மேசைகள் சுவரோரம் போகும். வகுப்பின் நடுவில் காடு வந்துவிடும்.

அந்தக் காட்டில் பட்டாணிக்குக் கிடைத்த வேடம் யானை. முழு யானை இல்லை, பின்னங்கால்கள் மட்டும். வகுப்பிலேயே குள்ளம் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வேடம் கிடைத்ததும் அதனால்தான். முன்னங்கால்கள் ரேடியோவுக்கு. வாய் ஓயாமல் பேசும் அவனை வேறு எப்படிக் கூப்பிடுவது?

சாம்பல் நிறத் துணிக்குள் ரேடியோ முன்னால் நிமிர்ந்து நிற்பான். யானையின் கழுத்தில் இருந்த வலைத்துணி வழியாக அவனுக்கு எல்லாம் தெரியும். பட்டாணி குனிந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். அவளுக்குத் தெரிவது அவன் சட்டையின் முதுகு மட்டும். நான்கு நான்காக எண்ணிக்கொண்டே இருவரும் நடக்க வேண்டும். எண்ணிக்கை தவறினால் யானைக்கு முதுகு பிடித்துக்கொள்ளும் என்பார் டீச்சர்.

இதெல்லாம் பரீட்சையில் வருமா என்று அம்மா கேட்டாள்.

"யானையோட பின்னங்கால் எப்படி மடங்கும்னு கேட்டா, நம்ம பொண்ணு மட்டும்தான் சரியா எழுதுவா," என்றார் அப்பா.

அப்பாவுக்குச் செருப்புக் கடையில் வேலை. பள்ளி விழா நடக்கும் மாலை நேரத்தில்தான் கடையில் கூட்டம் அதிகம். அதனால் அவர் இதுவரை ஒரு விழாவுக்கும் வந்ததில்லை. இந்தத் தடவை முதலாளியிடம் பேசி, லீவு நாளில் வந்து வேலை பார்ப்பதாகச் சொல்லி அனுமதி வாங்கிவிட்டார்.

துணிக்குள் இருப்பவளை அவர் எப்படிப் பார்ப்பார்? பட்டாணி அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள்.

"யானை நடுவுல வந்து நிக்கும்ப்பா. அப்ப வலது பின்னங்காலை ரெண்டு தடவை தட்டுவேன். அது உங்களுக்கு."

தானும் கை ஆட்டுவதாக அப்பா சொன்னார்.

விழா நாள் மதியம் கடைசி ஒத்திகை. சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். யானை மேடைக்கு வந்தது. திடீரென்று முன்னங்கால்கள் நின்றுவிட்டன. பின்னங்கால்களுக்கு அது தெரியாது. அவை நடந்துகொண்டே இருந்தன. யானை பாதியாகச் சுருங்கியது.

யானைக்கு பிரேக் பிடித்துவிட்டது என்று யாரோ கத்த, கூடமே சிரித்தது.

டீச்சர் திட்டவில்லை. ஆனால் மர வேடம் போட்டிருந்த ஏழாம் வகுப்பு அண்ணனிடம், யானையாக நடக்க வருமா என்று மெதுவாகக் கேட்டார். அது பட்டாணியின் காதில் விழுந்தது. ரேடியோவின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். திரைக்குப் பின்னால் அவன் பேசாமல் உட்கார்ந்திருந்தான். ரேடியோ பேசாமல் இருந்து அவள் பார்த்ததே இல்லை.

"சாயங்காலம் எனக்குக் காய்ச்சல் வரும்," என்றான்.

"இப்பவே தெரிஞ்சிடுச்சா?"

அவன் சிரிக்கவில்லை. "எல்லாரும் என்னையே பாக்கறாங்க."

"யானையைத்தான்டா பாக்கறாங்க."

"யானைக்குள்ள நான்தானே இருக்கேன்."

பட்டாணிக்கு ஒரு நாளும் பயம் வந்ததில்லை. ஏன் என்று யோசித்தாள். ஒரு சட்டை முதுகைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா?

வழி கிடைத்துவிட்டது. அடுத்த நொடியே அப்பாவின் நினைவும் வந்தது. அவர் கடையிலிருந்து நேராக விழாவுக்கு வருகிறார். அவரிடம் சொல்ல நேரம் இருக்காது. முதல்முதலாக வரும் அப்பா, வேறு யாருடைய காலையோ பார்த்துக் கை ஆட்டிவிட்டுப் போவார்.

ரேடியோ துணியை மடிக்கத் தொடங்கியிருந்தான். பட்டாணி அதைப் பிடுங்கினாள்.

"நீ பின்னால போ. அங்க என் சட்டை மட்டும்தான் தெரியும். பூப்போட்ட சட்டை, கடிக்காது."

"அப்ப முன்னால?"

"நான்தான்."

டீச்சர் இருவரையும் நடக்கச் சொல்லிப் பார்த்தார். யானை உயரம் குறைந்து போயிருந்தது. காட்டில் குட்டி யானையும் இருக்கும்தானே என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

நடுவில் நின்றதும் வலது காலை இரண்டு தடவை தட்ட வேண்டும் என்று ரேடியோவிடம் சொல்லிவைத்தாள் பட்டாணி. எதற்கு என்று அவன் கேட்டான். யானை என்றால் அப்படித்தான் என்றாள்.

மாலையில் கூடம் நிரம்பி வழிந்தது. வலைத்துணி வழியாகப் பட்டாணி தேடினாள். அதோ அப்பா, கடைச் சட்டையோடு. அவர் கண் யானையின் முன்பக்கம் கொஞ்சம் நின்றது. பிறகு பின்னால் போனது.

யானை நடுவில் நின்றது. தொப், தொப். அப்பா எழுந்து கையை உயரத் தூக்கி ஆட்டினார்.

பட்டாணி மெல்லச் சொன்னாள். "ரேடியோ, உனக்கு ஒருத்தர் கை ஆட்டறார்."

"பொய் சொல்லாதே. அம்மாவுக்கு இன்னைக்கு டூட்டி. எனக்குன்னு யாரும் வரலை."

"எங்க அப்பாடா. பின்னங்காலுக்குத்தான் ஆட்டறார். இப்ப அது நீதானே?"

பின்னங்கால்கள் யாரும் கேட்காமலே இன்னும் இரண்டு தடவை தட்டின. கூட்டம் கைதட்டியது. அதன்பின் நாடகம் முடியும்வரை யானையின் பின்பக்கம் பேச்சை நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்ற மரம் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது.

முடிந்ததும் அப்பா ரேடியோவின் தோளில் தட்டி, பின்னங்கால் பிரமாதம் என்றார். அவன் முகம் மலர்ந்தது. தெருவுக்கு வந்த பிறகுதான் பட்டாணி கேட்டாள்.

"அப்பா, பின்னங்கால் நான் இல்லன்னு எப்படித் தெரிஞ்சது?"

"நாள் பூரா காலைத்தானே பாக்கறேன்? உன் இடது கால் கொஞ்சம் உள்ளே திரும்பும். யானை உள்ள வந்தப்பவே முன்னங்கால் நீதான்னு தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன் அவனுக்குக் கை ஆட்டினீங்க?"

"அந்தப் பையன் ரெண்டு தடவை தட்டினானே. பதில் சொல்லாம இருக்க முடியுமா?"

பட்டாணி கொஞ்ச தூரம் நடந்தாள். தெருவிளக்கின் கீழே வந்ததும் நின்றாள். வலது காலைத் தூக்கித் தரையில் இரண்டு தடவை தட்டினாள்.

அப்பா அவளுடைய பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, கையை உயரத் தூக்கி ஆட்டினார்.