பட்டை மேல் தட்டான்

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கைதட்டக் காரணமே வேண்டாம். ஒருத்தன் தும்மினால்கூடச் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். பூங்காக் காவல்காரத் தாத்தாவுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

இன்றைக்கும் அப்படித்தான். இரண்டு மரங்களுக்கு நடுவே, முழங்கால் உயரத்தில், ஒரு பட்டை கட்டியிருந்தது. லாரியில் சரக்கை இறுக்கிக் கட்டுவார்களே, அந்த மாதிரிப் பட்டை. ஸ்லாக்லைன் என்று பெயராம். அதன் மேல் நடக்க வேண்டுமாம். அதைப் பார்க்க எள் போட்டால் எள் விழாத கூட்டம்!

போன வருடம் தட்டானும் அவள் மாமாவும் மட்டும்தான் இதில் நடந்து பழகினார்கள். எப்போதும் தட்டான்பூச்சி மாதிரிக் கைகளை விரித்தபடியே திரிவதால் அந்தச் சிறுமிக்குத் தட்டான் என்று பெயர். அப்போது போகிறவர்களெல்லாம், "என்ன, துணி காயப்போடவா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர்கள்தான் இப்போது பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

கூட்டம் பெருகவே, பூங்கா அதிகாரி அம்மா நேரிலேயே வந்துவிட்டார்.

"குழந்தைங்க இதுல பத்திரமா நடக்க முடியுமான்னு நான் பாக்கணும். இந்தப் பொண்ணு ஒரு தடவையாவது விழாம கடக்கட்டும். இல்லேன்னா இன்னைக்கே அவுத்துடுங்க" என்றார் கறாராக.

தட்டான் ஏறினாள். நாலு எட்டு வைத்தாள். தொப்! கீழே விரித்திருந்த மெத்தையில் விழுந்தாள். மறுபடி ஏறினாள். மறுபடியும் தொப்!

"என்னடி ஆச்சு? தினமும் நடக்கிறவதானே நீ?" என்று பதறினார் மாமா.

"காலைப் பாக்காதே, எதிர்மரத்தையே பாருன்னு நீங்கதானே சொன்னீங்க? மரம் எங்க மாமா தெரியுது? ஒரே கையும் போனுமா ஆடுது. அதைப் பாத்து நானும் ஆடுறேன்."

மாமா கூட்டத்தைப் பார்த்துக் கெஞ்சினார். "கொஞ்சம் ஆடாம நில்லுங்க!"

அதற்கும் கைதட்டினார்கள்.

அதிகாரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தட்டானுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சுற்றுமுற்றும் பார்த்தாள். அத்தனை பேரில் ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, உர்ரென்று நின்றிருந்தார். நேராக அவரிடம் ஓடினாள்.

"தாத்தா, அந்த மரத்தை ஒட்டி வந்து நிக்கிறீங்களா?"

"எதுக்கு? கைதட்டவா? அதுக்கு வேற ஆளைப் பாரு."

"ஐயோ, தட்டவே வேணாம்! சிரிக்கவும் வேணாம். இப்ப மாதிரியே உர்ருன்னு நின்னா போதும். இங்க ஆடாம இருக்கிறது உங்க முகம் மட்டுந்தான்."

இதற்குக் கோபப்படுவதா, வேண்டாமா என்று தாத்தாவுக்கே புரியவில்லை.

"மரத்துக்கு ஏதாவது ஆகுதான்னு பாக்கத்தான் வரேன். உனக்காக ஒண்ணுமில்ல" என்றபடி, "தள்ளுங்கய்யா!" என்று கூட்டத்தை ஓர் அதட்டு அதட்டி விலக்கிவிட்டுப் போய் நின்றார்.

தட்டான் ஏறினாள். கண்ணை அவர் முகத்திலேயே வைத்தாள். பட்டை நெளிந்தது. கைகள் மெல்ல அசைந்தன. கால் நழுவவில்லை.

பாதி தூரத்தில் ஒரு பாழாய்ப்போன ஈ வந்தது. தாத்தாவின் மீசையில் உட்கார்ந்தது. நடந்தது. மூக்கு நுனிக்கு ஏறியது. விரட்டக் கை துடித்தது. அவர் விரட்டவில்லை. மூச்சைக்கூட விடவில்லை.

இன்னும் ஓர் எட்டு. தட்டான் மரத்தைத் தொட்டுவிட்டாள்!

"உஸ்ஸ்... அப்பாடா!"

முதலில் வந்த பெருமூச்சு தாத்தாவுடையதுதான். மாமா மெத்தையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சரி, பட்டை இருக்கட்டும்" என்று சிரித்தார் அதிகாரி அம்மா.

"ரொம்ப நன்றி தாத்தா! நீங்களும் ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்" என்றாள் தட்டான்.

"போ, போ! இவ்வளவு அகலமா தரை கிடக்கு. அதுல நடக்க வலிக்குதாக்கும் உங்களுக்கு?"

மூக்கைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டே, தாத்தா தரை மேலேயே நடந்து போனார்.