நாற்பதாவது வரி

காகிதத்தில் முப்பத்தொன்பது பெயர்கள் ஏறின. நாற்பதாவது ஏறவில்லை.

பெய்ஷெனாலி வாத்தியார் காகிதத்தை மறுபடி, போரில் செத்தவர்களின் புது நினைவுக் கல்லோடு ஒட்டி, தச்சுப் பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தார். மேலே எல்லாப் பெயர்களும் கறுப்புக்குள் வெள்ளையாக எழுந்து வந்தன. கடைசி வரியில் வெறும் கறுப்பு. கல்லில் பெயர் இருக்கிறது. நகம் முழுக இறங்குகிற ஆழத்தில், சதார்குல் என்று, அவருடைய அப்பாவின் பெயர். முந்தாநாள்தான் கொத்தன் துர்சுன் வெட்டி முடித்திருந்தான்.

"ஈரக் கல்லு வாத்தியாரே," என்றான் துர்சுன், உளியைத் துடைத்தபடி. "உங்கப்பா அம்பது வருசம் பொறுத்தாரு. ரெண்டு நாள் பொறுக்க மாட்டாராக்கும்?"

வாத்தியார் சிரித்தார். விரலை இன்னொரு தடவை அந்த வரியில் ஓட்டினார். மே மாதக் காலை, பனிமலைக் காற்று முகத்தை அறுத்தது. கல் முழுக்கச் சில்லென்றிருக்க, அந்த ஒரு வரி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அதுவரை வாயை வைத்து ஊதிக்கொண்டிருந்த மாதிரி.

எங்கள் ஊரிலிருந்து உலகப் போருக்குப் போனவர்கள் களத்தில் செத்தார்கள். அவர்களுடைய பெயர்களோ அதற்கு முன்பே, ஆள்சேர்ப்பு ஆபீஸ் எழுத்தனின் பேனாவில் செத்துவிட்டன. எங்கள் பேச்சில் ஒரு வார்த்தை தெரியாத அவன் காதில் விழுந்ததை எழுதினான். அதையே பழைய கல்லிலும் வெட்டினார்கள். நாற்பது வரியில் பாதி, எந்தத் தாயும் பிள்ளைக்கு வைக்காத பெயர். பெய்ஷெனாலி வாத்தியார் பதினொரு வருசம் அலைந்தார். விதவைகளின் டிரங்குப் பெட்டிகளில் பழைய கடிதங்களைத் தேடினார், மரண ஓலைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஒவ்வொரு பெயருக்கும் உரியவனைக் கண்டுபிடித்தார். முப்பத்தொன்பதையும் நேர்மையாகத்தான் செய்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

நாற்பதாவதுக்கும் ஆளைக் கண்டுபிடித்தார். ஊராட்சியின் பழைய பெட்டிக்கு அடியில் ஒரு தாள்: தோக்தோமுஷ், ஆடு மேய்ப்பவன், வயது பதினெட்டு, உறவினர் யாருமில்லை. கையெழுத்துக்குப் பதில் மையில் அழுத்திய கட்டைவிரல்.

வாத்தியாருடைய அப்பா ராணுவ ரயிலிலிருந்து குதித்து ஓடிவந்தவர். மலைமேல் மேய்ச்சல் நிலத்தில் ஒளிந்திருந்து காய்ச்சலில் செத்தார். வாத்தியார் அப்போது தாயின் வயிற்றில். ஊர்ப் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த மனிதர், ஐம்பது வயது தாண்டியும், எந்த விருந்திலும் கதவோரம் செருப்புகளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். "ஓடுனவரு மகன் கதவுப் பக்கம் இருக்குறதுதானே வசதி, திரும்ப ஓடணும்னா?" என்பான் குதிரைக்கார கோஜோமுரத், ஒவ்வொரு விருந்திலும். எல்லோரும் ஒவ்வொரு விருந்திலும் புதிதாகச் சிரிப்பார்கள்.

அந்தத் தாளை அவர் அடுப்பில் போட்டார். கேட்க ஆளில்லாதவனிடமிருந்து எடுத்தால் அது திருட்டில்லை என்று நினைத்தார். அந்தச் சிதைந்த வரி தன் அப்பாதான், மேய்ச்சலில் செத்ததெல்லாம் வதந்தி, மறுபடி போய்ச் சேர்ந்து களத்தில் செத்தார் என்று விழாக் குழுவிடம் சொன்னார். பதினொரு வருச உழைப்புக்காரர் சொன்னால் யார் மறுப்பார்கள்? வெற்றி நாள் விருந்து வாத்தியார் வீட்டில் என்று முடிவாயிற்று. கதவுக்கு எதிர்ச்சுவர் ஓரத்து மரியாதை இடம் அவருக்கு. ஆட்டுத் தலையும் அவருக்கே; அதன் காதை அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் அவர்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் அவருடைய மனைவி அனார்கான், மாமனார் பெயரை முதன்முறையாக வாய்விட்டுச் சொல்லி எண்ணெய் காய்ச்சினாள். வியாழன்தோறும் இறந்தவர்களுக்குப் பசியாறுவது அந்த மணத்தில்தான். யாருடைய பெயரைச் சொல்லிப் பொரிக்கிறோமோ அவர் வந்து முகர்ந்துவிட்டுப் போவார். மாவுத் துண்டுகள் எண்ணெயில் விழுந்து உப்பின, சிவந்தன, இரைந்தன. பக்கத்து வீட்டுக்காரி வாசலில் தலையை நீட்டினாள்.

"என்ன மதினி, வியாழக்கெழமையும் அதுவுமா எண்ணெய் வைக்கலையா?"

"கண்ணு அவிஞ்சு போச்சா? சட்டி கொதிக்குது பாரு."

"அட ஆமா. வாசமே வரலையே!"

வாத்தியார் சட்டிக்கு மேலே குனிந்தார். கொதிக்கிற எண்ணெயில் மணமே இல்லை. ஆவி மேலே எழும்பாமல், சட்டி விளிம்பைத் தாண்டியதும் வளைந்து, தரையோடு ஒரு நூலாகக் கதவுப் பக்கம் போயிற்று. இழுபட்டுப் போயிற்று. கதவுக்கு வெளியே யாரும் இல்லை. ஈரக் கம்பளியும் ஆட்டுப் புழுக்கையும் கருகின வெடிமருந்தும் கலந்த ஒரு வாடை மட்டும் இருந்தது, மூச்சு விடுவதுபோல் வந்து வந்து போனது.

ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். காகிதம் மாதிரி இருந்தது. அதன் அடிப்பக்கத்தில் ஒரு கட்டைவிரல் பதிந்திருந்தது, கறுப்பாக.

"இதை யாரு தொட்டா?"

"நான்தான் தொட்டேன், வீட்டுல வேற யாரு சமைக்கிறா?" என்றாள் அனார்கான். ஆனால் அவள் முகம் அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்குப் பின்னால், ஒரு சாண் தள்ளி, பார்த்துப் பேசினாள்.

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கறியில் ருசியில்லை, தேநீரில் சூடில்லை. பசி மட்டும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள், அவர் வகுப்புக்குள் நுழைந்து சற்று நேரம் கழித்து, கதவைப் பார்த்து. தெருவில் கோஜோமுரத் குதிரையை நிறுத்தி, "வாத்தியாரே, நல்லாத் தேறிட்டீங்க, பத்து வயசு குறைஞ்ச மாதிரி!" என்றான், அவரைத் தாண்டி. குதிரை மட்டும் அவரைப் பார்த்தது. காதை மடக்கிப் பின்வாங்கியது.

வெற்றி நாள் வந்தது. நல்ல வெயில். முல்லா கல்லுக்கு முன் நின்று பெயர்களை வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் உறவுக்காரர்கள் உள்ளங்கையால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. சதார்குல். வாத்தியார் கைகளை உயர்த்தினார். உள்ளங்கை முகத்தில் படவில்லை. முகம் இருந்த இடத்தில் கை போய்க்கொண்டே இருந்தது.

பிடரியில் ஈரக் கம்பளி வாடை.

ஊரே கை நீட்டிக்கொண்டு வந்தது. எல்லாக் கையும் அவர் வழியாகப் போனது. பின்னால் யாரோ ஒவ்வொன்றையும் பற்றிக் குலுக்கும் சத்தம் கேட்டது. அவர் திரும்பவில்லை. திரும்ப மாட்டேன் என்று பல்லைக் கடித்தார். வீட்டைப் பார்த்து ஓடினார்.

ஓடியவர் வந்து சேர்வதற்குள் விருந்து தொடங்கியிருந்தது. எப்படி என்று தெரியவில்லை. எதிர்ச்சுவர் ஓரத்தில், மெத்தைகளின் மேல், நீளமான ராணுவக் கோட்டோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். பதினெட்டு வயது. கோட்டிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது. கழுத்தில் பாதி இல்லை. அவன் முன்னால் ஆட்டுத் தலை.

"காதை அறுத்துப் பேத்திகிட்ட குடுங்க வாத்தியாரே," என்றான் கோஜோமுரத், பணிவாக.

கோட்டுக்காரன் அறுத்தான். கறுத்த கட்டைவிரல் எலும்பில் பதிந்தது. வாத்தியாரின் பேத்தி அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, காதைக் கடித்துத் தின்றாள்.

"அது நானில்ல!" பெய்ஷெனாலி கத்தினார். "அனார்கான்! என்னைப் பாரு!"

யாரும் மெல்லுவதை நிறுத்தவில்லை.

அவன் மட்டும் பார்த்தான். நேராக. நிதானமாக. அரை நூற்றாண்டு பட்டினி கிடந்தவன் பார்க்கிற பார்வை. கோபம்கூட அதில் அவசரப்படவில்லை.

"எனக்குக் கேக்க ஆளில்லைன்னு நெனச்சே," என்றான், அவருக்கு மட்டும் கேட்கிற குரலில். "இப்ப உனக்கு யாரு இருக்கா?"

அடுப்பில் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. மணம் வந்தது. இந்தத் தடவை வந்தது. கொழுப்பும் மாவும் உப்பும் சேர்ந்த மணம் அவர் மூக்கில் ஏறி, நெஞ்சில் இறங்கி, வயிற்றைத் தொட்டது. எத்தனை நாளாயிற்று. தவழ்ந்தார். சட்டிப் பக்கம். இன்னும் கொஞ்சம். இன்னும்.

"வாத்தியாரே," என்று அனார்கான் எதிர்ச்சுவரைப் பார்த்துக் கேட்டாள், "யாருமில்லாமச் செத்தவங்களுக்குன்னு ஒரு ஈடு போடட்டுமா?"

"வேணாம்," என்றான் அவன். "மூடு."

அவள் மூடியை எடுத்தாள். பெய்ஷெனாலி கடைசிக் கீற்றில் மூக்கை நுழைத்து, நாலு காலில், நாய் மாதிரி உறிஞ்சினார். அனார்கான் அவருடைய தலை வழியாகவே கையை விட்டு, மூடியை வைத்து, திருகி அழுத்தினாள்.