ஆறு தளிர்மதிகள்

முதல் தளிர்மதி நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பதின்மூன்று வயது. இரட்டைச் சடை போய் ஒற்றைச் சடை ஆகியிருந்தது. உயரம் அம்மாவை எட்டிப் பிடிக்கப் பார்த்தது. மேசை மேல் விரித்து வைத்திருந்த செய்தித்தாளைக் குனிந்து பார்த்து, காங்கேயம் வட்டாரத்தில் புதிய மழைமானிகள் பொருத்துவது பற்றிய நீளமான செய்தியை ஒரே மூச்சில் படித்து முடித்தாள். எங்கும் நிற்கவில்லை. ஓர் எழுத்துகூட இடம் மாறவில்லை.

"ஏனுங், கேட்டீங்ளா?" பூங்கோதை கணவனின் கையைப் பிடித்து உலுக்கினாள். "படிக்கறாளுங்! நம்ம புள்ளெ படிக்கறாளுங்!"

சென்னியப்பன் எழுந்து நின்றே கைதட்டிவிட்டான். காற்றாலைக் கம்பத்தின் உச்சியில் நின்று இறக்கையைப் பழுது பார்க்கும்போதுகூட அவனுக்கு நெஞ்சு இப்படி அடித்துக்கொண்டதில்லை.

உண்மையான தளிர்மதிக்கு வயது ஒன்பதுதான். அடுத்த அறையில் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தாள். பேச்சில் கெட்டிக்காரி, கணக்கும் மோசமில்லை. எழுத்து என்று வந்துவிட்டால் மட்டும் தடுமாற்றம். 'கதவு' என்பது அவள் கண்ணுக்குத் 'தகவு' ஆகிவிடும். இலேசான கற்றல் சிரமம், பயப்பட ஒன்றுமில்லை, பொருத்தமான பாடத்திட்டம் அமைந்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அந்தப் பொருத்தம்தான் பெரிய பாடு. பள்ளிக்கூடங்கள் விளையாட்டுக்கும் மதிய உணவுக்கும் மட்டும் என்றாகி ஒரு தலைமுறை ஆயிற்று. படிப்பு வீட்டில்தான். எந்தப் பாடத்திட்டம் என்பதைப் பெற்றோரே பதிய வேண்டும். பதிந்துவிட்டால் நான்கு ஆண்டுகளுக்கு மாற்ற முடியாது. அந்தப் பயத்தைப் போக்கத்தான் ஊருக்கு ஊர் ஒத்திகைக் கூடங்கள் வந்தன. பிள்ளையின் தலையில் வார்ப்புத் தொப்பியை மாட்டிச் சற்று நேரம் பேச வைத்தால், அது யோசிக்கும் முறை, மறக்கும் முறை, அடம்பிடிக்கும் முறை எல்லாம் அப்படியே அச்சாகிவிடும். அதற்குப் பெயர் மனவார்ப்பு. காலமுடுக்கி அந்த வார்ப்பை ஒரு பாடத்திட்டத்துக்குள் போட்டு, நான்கு ஆண்டுப் படிப்பைச் சில நிமிடங்களில் படிக்க வைக்கும். முடிவில் வளர்ந்த பிள்ளை ஒளியுருவாக எதிரே வந்து உட்காரும். அதனோடு பேசலாம், கேள்வி கேட்கலாம். பிடித்திருந்தால் அந்தத் திட்டத்தைப் பதியலாம்.

"இது விரைவழிங்க," என்றாள் கூடத்தை நடத்தும் ஷபீனா. "தினமும் நிறைய நிறைய வாசிக்க வச்சு, வேகத்தை ஏத்திக்கிட்டே போற முறை. மிச்சம் அஞ்சு இருக்கு. பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

"கொஞ்சம் இரு அம்மிணி," என்றாள் சென்னியப்பனின் அக்கா தாரணி. அவள் பட்டுப்புடவையில் வந்திருந்தாள். தட்டில் பழமும் வெற்றிலையும்கூடக் கொண்டுவந்திருந்தாள்; ஷபீனா அதை வாசலிலேயே சிரித்தபடி வாங்கி வைத்துவிட்டாள். "ஏங் கண்ணு, ஒரு பாட்டுப் பாடு பாக்கலாம்."

"அக்கா, பொண்ணு பாக்கவா வந்துருக்கறோம்?"

"பின்னெ? ஆறுல ஒண்ணெ ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போறோமல்லொ? நடை, பேச்சு, பாட்டு எல்லாம் பாக்கோணும். நீ சும்மா இரு."

இரண்டாவதாக இசைவழித் தளிர்மதி வந்தாள். வாய்பாட்டையே மெட்டுக் கட்டிப் பாடினாள். தாரணி அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள். மூன்றாவது, கைவழி. களிமண்ணிலும் மரத்திலும் எழுத்தைச் செய்து செய்து பழகியவள். மெதுவாகத்தான் படித்தாள், ஆனால் கூடவே ஒரு நீர் இறைக்கும் பொறியின் மாதிரியைக் காற்றிலேயே கையால் வரைந்து, எந்தப் பல்சக்கரம் எதைச் சுற்றும் என்று விளக்கினாள். பூங்கோதை வாயைப் பொத்திக்கொண்டாள். நான்காவது, கதைவழி, ஐந்தாவது, படவழி, ஆறாவது, ஆட்டவழி. ஒவ்வொருத்தியும் உள்ளே வரும்போது மூவரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். கடைசியில் ஆறு பேரையும் ஒன்றாக உட்கார வைக்கச் சொன்னான் சென்னியப்பன். ஒரே முகம் ஆறு முறை. ஆறு விதமான கெட்டிக்காரத்தனம்.

"எனக்கு முதல்ல வந்தவதான்," என்றான் அவன். "வேகம் இருந்தா எங்க போனாலும் பொழைச்சுக்குவா."

"மூணாவதுங். அவ கையைப் பாருங். உங்களுக்குப் படிக்கறது ஒண்ணுதான் கண்ணுல படுதா?"

"ரெண்டாவதைப் பதிஞ்சுட்டு வாங்கடா, பசிக்குது," என்றாள் தாரணி.

சண்டை தீர, ஆறு பேரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பது என்று முடிவாயிற்று. சென்னியப்பன் விரலைச் சொடுக்கினான். "ஏழெட்டு?"

ஆறு தலைகளும் ஒன்றாக அவன் பக்கம் திரும்பின.

"அம்பத்தி..." என்றன ஆறு குரல்கள். கொஞ்சம் நின்றன. அவன் மோவாயைத் தடவினான். "அம்பத்தாறு!"

"அட்றா சக்கை!" என்றான் சென்னியப்பன்.

பூங்கோதைதான் கைதட்டவில்லை. "ஏனுங், அந்த மூலைக்குப் போயி நில்லுங்."

"எதுக்கு?"

"போங்களேன்."

அவன் மூலைக்குப் போனான். பன்னிரண்டு கண்களும் அவன் பின்னாலேயே போயின. பூங்கோதை கேட்டாள்: "ஒம்பதாறு?" ஆறு பேரும் மூலையையே பார்த்தார்கள். அவன் மோவாயில் கை வைத்த பிறகுதான் பதில் வந்தது. அவனைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, விரைவழித் தளிர்மதியிடம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "கண்ணு, முதல்ல ஒரு சேதி படிச்சியே, அது எதைப் பத்தி?"

விரைவழித் தளிர்மதி அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். மறுபடி முதுகைப் பார்த்தாள். வாயைத் திறக்கவே இல்லை. பல்சக்கரம் விளக்கியவளிடமும் பாடியவளிடமும் அவரவர் செய்ததைப் பற்றிக் கேட்டாள். அவர்களும் அப்படியேதான்.

அறையில் இருந்த குதூகலம் சட்டென்று அடங்கியது. ஷபீனா எல்லா ஒளியுருக்களையும் நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. தொப்பி போடறதுக்கு முன்னாடி பாப்பாகிட்ட ஏதாவது சொல்லிக் குடுத்தீங்களா?"

"பின்னெ சொல்லிக் குடுக்காம?" சென்னியப்பன் பெருமையாக நிமிர்ந்தான். "பரிச்சைக்குப் போற புள்ளெயைச் சும்மாவா அனுப்புவாங்க? ஊட்டுல தினமும் உக்கார வச்சுப் பழக்குனேன். என்ன கேப்பாங்க, என்ன சொல்லோணும், எல்லாம். சரியா வந்தா நான் மோவாயெத் தடவுவேன், தப்பா வந்தா காதைத் தொடுவேன். மெசினு நல்ல புள்ளென்னு நினைக்கோணுமல்லொ?"

"மெசினுக்கு நல்ல புள்ளெ, கெட்ட புள்ளெ எல்லாம் தெரியாதுங்கண்ணா. பாப்பாவுக்கு எங்கே தடுமாறுதுன்னு பாக்கத்தான் அது இருக்கு. நீங்க அந்த இடத்தையெல்லாம் பூசி மெழுகிட்டீங்க. வார்ப்புல பாப்பா பதியலை. உங்களைப் பாக்கிற பாப்பா பதிஞ்சிருக்கு."

"நாலு வருசம் படிச்சும் அது போகலையா?" என்றாள் பூங்கோதை.

"ஒத்திகைக்குள்ளே வீட்டு ஆசிரியரா ஒரு சராசரி ஆளைத்தான் வச்சிருப்போம். அந்த ஆளு மோவாயைத் தடவ மாட்டாரு. பாப்பா நாலு வருசமா அந்த ஜாடைக்காகக் காத்துக்கிட்டே படிச்சிருக்கு. இன்னிக்கு அப்பாவைப் பாத்ததும் எல்லாம் ஒண்ணா வந்துடுச்சு."

சென்னியப்பன் உட்கார்ந்தான். காதைத் தொடப் போன கையை வழியிலேயே நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டான்.

"வேற வார்ப்பு எடுத்துடுங் அம்மிணி," என்றான் கடைசியில். "இந்தத் தடவை ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை."

"எடுக்கலாம். ஆனா சாயங்காலம் பாடம் சொல்லிக் குடுக்கப் போறது யாரு?"

"நான்தான்."

"அப்ப மறுபடியும் இதேதான் பதியும். ஒண்ணு செய்யலாம்." ஷபீனா கொஞ்சம் தயங்கினாள். "வீட்டு ஆசிரியர் ஒத்திகைன்னு ஒண்ணு இருக்கு. சொல்லிக் குடுக்கிறவங்க தலையில தொப்பியைப் போட்டு, அவங்களுக்கும் வார்ப்பு எடுத்து, அவங்களை நாலு வருசம் பழக்கிப் பாக்கிறது. பெரியவங்களுக்கும் ஆறு வழி வச்சிருக்கோம். இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. மெசினு புதுசா அப்படியே இருக்கு."

அவள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. சென்னியப்பனின் முகம் மறுபடி மலர்ந்துவிட்டது. பழுது எங்கே என்று தெரிந்துவிட்டால் கம்பத்தில் ஏற அவன் தயங்கியதே இல்லை. "இதெ முதல்லயே சொல்லியிருக்கலாமல்லொ? குடுங் தொப்பியெ!"

"ஏனுங், யோசிச்சுக்கங்."

"என்ன யோசனை? ஆறு சென்னியப்பன் வரட்டும். எது நல்லா இருக்குதோ அதெப் பாத்துப் பதிஞ்சரலாம்."

தொப்பி அவன் தலைக்குச் சிறிதாக இருந்தது. தாரணி இரண்டு கையாலும் அழுத்தி இறக்கிவிட்டாள். ஷபீனா கேள்வி கேட்கக் கேட்க, கேள்வி முடிவதற்குள் அவன் பதில் சொன்னான். முடிந்ததும் திரையில் ஒரு வரி வந்தது. ஷபீனா அதைப் படித்துவிட்டு இருமினாள்.

"சொல்லு அம்மிணி, பரவால்லெ."

"இலேசான கற்றல் சிரமம்னு காட்டுதுங்கண்ணா. எதிராளி யோசிக்கிற நேரம் உங்களுக்குக் காலியாத் தெரியுதாம். உடனே அதை நிரப்பிடறீங்களாம். பயப்பட ஒண்ணுமில்லை, பொருத்தமான..."

"பொருத்தமான பாடத்திட்டம் அமைஞ்சா போதும்!" தாரணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "டேய் சென்னியா, சின்ன வயசுலயே நான் சொன்னேன், எவன் கேட்டான்?"

பூங்கோதையும் சிரித்துவிட்டாள். அதைப் பார்த்து அவனுக்கும் சிரிப்பு வந்தது.

"சரி, ஓட்டுங். பாத்தரலாம்."

"நீங்க பாக்க முடியாதுங்கண்ணா. தன்னோட ஒத்திகையைத் தானே பாக்கக் கூடாது. அதனாலதானே பாப்பாவையும் வெளியே உக்கார வச்சோம்?"

"அப்ப கோதை பாக்கட்டும்."

"ஆசிரியர் ஒத்திகையை, அவர்கிட்டப் படிக்கப் போறவங்கதான் பாத்துத் தேர்ந்தெடுக்கணும். உங்க விஷயத்தில அது..." ஷபீனா அடுத்த அறையின் கதவைத் திறந்தாள். "தளிர்க்குட்டி, இங்கே வாம்மா. உனக்கு ஒரு அப்பா தேர்ந்தெடுக்கணும்."

ரோஸ்மில்க் மீசையோடு தளிர்மதி ஓடி வந்தாள். விஷயம் புரிந்ததும் அந்த இடத்திலேயே குதித்தாள். "ஆறு அப்பாவா? ஆறு பேரும் பேசுவாங்களா? நான் என்ன வேணா கேக்கலாமா?"

அவள் ஒத்திகை அறையிலேயே உட்கார்ந்துகொண்டாள். துணைக்கு அம்மாவும் இருந்தாள். சென்னியப்பன் வெளியே போய்ப் பெஞ்சில் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே தன் குரலே கேட்டது, நான்கு வயது கூடிய குரல். தளிர்மதி ஒவ்வொருவரையும் என்னென்னவோ கேட்டாள். "இது வேண்டாம், ரொம்ப நல்லவரா இருக்கறார், சலிப்பா இருக்குது" என்று ஒருவரைத் தள்ளினாள். "இவரெ இன்னொருக்கா காட்டுங்" என்று மற்றொருவரைத் திரும்ப வரவழைத்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். வீட்டில் பாட நேரத்தில் அவள் சிரித்து அவன் கேட்டதில்லை.

"ஒருத்தரெப் புடிச்சுப் போச்சாட்ட," என்றாள் தாரணி. அவன் கதவிடுக்கில் காதை வைத்திருந்தான்.

உள்ளே பேச்சு நின்று, வாசிப்புச் சத்தம் கேட்டது. தளிர்மதிதான். யாரும் சொல்லாமல் தானே ஒரு புத்தகத்தை எடுத்திருக்கிறாள். "கடலுக்கு... அடியில்... ஒரு... நீர்..."

நின்றது.

"நீர்... மூ..."

உள்ளே இருந்த அப்பா எதுவும் சொல்லவில்லை. சும்மா இருந்தார். அந்த மௌனம் நீண்டுகொண்டே போயிற்று. சொல் சென்னியப்பனின் தொண்டைக்கு வந்து, நாக்குக்கு வந்து, பல்லுக்கும் வந்துவிட்டது. உதட்டை இறுக்கிப் பிடித்தான். தாரணி அவன் தொடையில் கிள்ளினாள்.

"நீர்மூ... நீர்..."

"நீர்மூழ்கி!" என்று கத்திவிட்டான்.

உள்ளேயிருந்து தளிர்மதியின் குரல் கோபமாக வந்தது. "அப்பா, நீங்க சும்மா இருங்! நானும் அப்பாவும் படிச்சுட்டு இருக்கறோமல்லொ?"

அதைத் தொடர்ந்து அவன் குரலே, அவனுக்கு இன்னும் வராத நிதானத்தோடு அவளுக்குச் சமாதானம் சொன்னது.

"உடு கண்ணு, அவரெ ஒண்ணும் சொல்லாதே. அவரு இன்னெக்குத்தான் சேந்துருக்கறாரு."