பின்பாதி சொன்னவர்கள்

ஜெபமாலையின் முதல் மணியை விரலில் பிடித்து, லூர்துமேரி பாதி மந்திரத்தைச் சொல்லி நிறுத்தியதும், மீதிப் பாதியை யாரோ சொன்னார்கள்.

கதவில் அடிக்கும் மழைச் சாரலின் ஓசை என்றுதான் முதலில் நினைத்தாள். பொம்மிடிக்குக் கிழக்கே இருந்த அந்தச் சின்ன ஓட்டுக் கோவிலில் அவளையும் பாயில் கிடந்த கண்ணம்மாளையும் தவிர வேறு ஆளில்லை. காலரா வந்த அந்த ஐப்பசியில் ஊர் ஜனம் முழுக்கக் காட்டுக் கொட்டாய்களுக்குப் போய்விட்டது. கண்ணம்மாளை அவள் வீட்டு ஆட்கள் மத்தியானம் கோவில் வாசலில் கிடத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

லூர்துமேரியின் புருஷன், அந்தக் கோவிலில் ஜெபம் நடத்திய உபதேசியார் சவுரிமுத்து, இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. இருபது வருஷமாக அந்தி ஜெபத்தில் முன்பாதி அவருடையது, பின்பாதி இவளுடையது. அவரைப் புதைத்த அன்றிலிருந்து இவள் ஜெபமாலையைத் தொடவில்லை. பதில் சொல்ல ஆளில்லாமல் மந்திரம் பாதியில் அறுந்து விழுவதைக் கேட்கும் தெம்பு அவளுக்கு இல்லை. ஆண்டவர் மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் பலம் வேண்டுமே.

இன்று எடுத்தது கண்ணம்மாளுக்காக. உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் ஒரு மடக்குக்கூட அவள் வயிற்றில் நிற்கவில்லை. கண்கள் குழிக்குள் போய்விட்டன.

“தனியாப் போவ பயமா இருக்குதுங்க, உபதேசியாரம்மா. ஏதாச்சும் சொல்லிக்கிட்டே இருங்க.”

லூர்துமேரி இரண்டாவது மணிக்கு வந்தாள். மழை ஓட்டின் மேல் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. ஈரச் சுண்ணாம்பின் நெடியும் நோயின் புளித்த வாடையும் அணைந்த மெழுகுவர்த்தியின் புகையும் சேர்ந்து தொண்டையில் இறங்கின. பீடத்தின் சிறு விளக்கொளி எட்டாத பின்சுவர்ப் பக்கம், அந்திக்கு முன்னாலேயே இருள் அடர்ந்து கிடந்தது. அவள் பாதியில் நிறுத்தினாள். அந்த இருட்டிலிருந்து மீதி வந்தது. இந்த முறை ஒரு குரல் அல்ல. நாலைந்து.

“கண்ணம்மா, நீயா சொன்ன?”

“நானெங்கங்க சொல்றது, எனக்கு அதெல்லாம் தெரியாதே.” கண்ணம்மாள் மூச்சு வாங்கினாள். “உங்க பின்னால முட்டி போட்டிருக்காங்களே, அவுங்கதான் சொல்றாங்க.”

திரும்பிப் பார்த்தாள்.

வெறும் தரை. வெறும் சுவர்.

எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது. கதவு எட்டடி தூரம். ஆனால் கண்ணம்மாளின் விரல்கள் அவள் சேலை முந்தானையைச் சுற்றியிருந்தன. மந்திரம் நின்றது. அப்போதுதான் அதைக் கேட்டாள். மூச்சு. பல பேருடைய மூச்சு. காத்திருந்தது.

நடுவில் ஒரு இருமல்.

அந்த இருமல் அவளுக்குத் தெரியும்.

“ஏங்க...” என்றாள். மூச்சு மட்டும் வேகமானது, இருட்டில் தனியே விடப்பட்ட குழந்தையின் மூச்சைப் போல. அவளுக்கு அப்போது புரிந்தது. இவர்கள் பயமுறுத்த வரவில்லை. பயந்து வந்திருக்கிறார்கள். காலராவில் செத்து, கையைப் பிடிக்க ஆளில்லாமல், குழியில் அவசரமாகத் தள்ளப்பட்டவர்கள். இவளைப் போலவே பயந்தவர்கள்.

சாவுக்கு முந்தின ராத்திரி பூங்காவனத்தில் சேசுநாதர் பயந்தது நினைவுக்கு வந்தது. அவரும் கூட விழித்திருக்க ஆள் தேடினார். கூட இருந்த சீடர்கள் தூங்கிவிட்டார்கள். பன்னிரண்டு நாளாக வராத அழுகை இப்போது வந்தது. ஆண்டவர் தன்னை விட்டுப் போய்விட்டார் என்று நினைத்திருந்தாளே, அவர் இங்கேதான், இந்தப் பயத்துக்குள்ளேயே, முட்டிபோட்டு இருந்திருக்கிறார். பயம் போகவில்லை. ஆனால் நாக்கு எழும்பியது.

“சொல்றேன். எல்லாருக்கும் சொல்றேன்.”

மணி மணியாக நகர்த்தினாள். பின்பாதி ஒவ்வொரு முறையும் தவறாமல் வந்தது. இருமல் நின்றிருந்தது. நாற்பதாவது மணியில் முந்தானையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்தன. கண்ணம்மாளின் வாய் திறந்தபடி நின்றது. லூர்துமேரி அவள் கண்களை மூடினாள். பீடத்துக்கடியில் இருந்த பெட்டியிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து முகத்தை மூடினாள். அழுதுகொண்டே அடுத்த மணியைப் பிடித்தாள்.

முன்பாதியைச் சொல்லி நிறுத்தினாள்.

பின்னாலிருந்து யாரும் பதில் சொல்லவில்லை. மூச்சு இல்லை. மழையும் இல்லை.

பதில் பாயிலிருந்து வந்தது. தட்டுத்தடுமாறி. அந்த மந்திரம் ஒருநாளும் தெரிந்திராத குரலில்.

லூர்துமேரி ஓடவில்லை. குளிர்ந்து விறைக்கத் தொடங்கிய அந்தக் கையைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டாள். அடுத்த மணி. அதற்கடுத்த மணி. கண்ணம்மாளின் நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. முகத்து வெள்ளைத் துணி மட்டும், வாய் இருந்த இடத்தில், ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளே குழிந்தது. மெல்ல எழும்பியது. மறுபடி குழிந்தது.