உள்ளே இருப்பவர்கள்: 1

செகந்திராபாத்துக்கு வெளியே, மேட்சல் தாண்டி இருந்த அந்த மருந்துக் குளிர்பதனக் கிடங்குக்கு நான் போய்ச் சேர்ந்தபோது திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணி. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே பெயருக்குக்கூட ஒரு ஜன்னல் இல்லை. நனைந்த அட்டைப்பெட்டி வாடையும் பினாயில் வாடையும் கலந்து வந்தன. மாடியில் கண்ணாடி போட்ட ஓர் அறையில் எனக்கு மேஜை கொடுத்தார்கள். கண்ணாடி வழியே கீழே பார்த்தால் நீளமான நடைபாதை, அதன் கோடியில் குளிரறையின் இரும்புக் கதவு. ஆள் நடந்தால் மட்டும் விளக்கு எரியும், ஆள் கடந்துவிட்டால் அணைந்துவிடும். மற்ற நேரமெல்லாம் இருட்டுதான்.

என் வேலையைச் சொன்னால் பலருக்குக் கொட்டாவி வரும். கிடங்கின் தகவல்களையெல்லாம் ஒரே வலைத்தளத்தில், அவரவர் பதவிக்கு ஏற்ற அளவில் காட்ட வேண்டும். மேனேஜருக்கு எல்லாமே தெரியும். சூபர்வைசருக்குத் தன் ஆட்கள் மட்டும். யாராவது நேரத்துக்கு வராவிட்டால் ‘இன்னும் உள்ளே வரவில்லை’ என்று அவர் ஒரு செய்தி அனுப்பலாம். கடைநிலைத் தொழிலாளிக்குத் தன் பெயரைத் தவிர வேறு எதுவும் தெரியாது. யார் யாரைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கிறவள் நான். என்னை யார் பார்க்கிறார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அம்மா போனபிறகு சைனிக்புரி வீட்டில் நான் ஒருத்திதான். எட்டு மணிக்கு வந்தாலும் பத்து மணிக்கு வந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் வேலையை முடித்து ஒப்படைத்தாக வேண்டும். ஒரு மணிக்கு எல்லோரும் அட்டையைத் தேய்த்துவிட்டுச் சாப்பிட வெளியே போனார்கள். திரையைப் பார்த்தேன்.

உள்ளே இருப்பவர்கள்: 1.

நானில்லை. வெளியாளான எனக்கு அட்டையே கிடையாது. பெயர்ப் பட்டியலைத் திறந்தால் அது காலி. என் தப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். தேடிப் பார்த்ததில் விஷயம் புரிந்தது. அந்த ஒருவருக்குச் சூபர்வைசர் என்று யாரையும் குறிப்பிடவில்லை. அதனால் எண்ணிக்கையில் வருகிறார், எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அவருடைய பக்கத்தைத் திறந்தேன்.

பெயர்: புருஷோத்தமன். நுழைந்த நாள்: நான்கு வருடங்களுக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை. பணியிடம்: குளிரறை. வெளியேறிய நேரம் காலியாக இருந்தது. அதன் கீழே ‘வெளியேற அனுமதி வேண்டும்’ என்ற கோரிக்கைகள். ஒரு நாள்கூட விடாமல் நாளுக்கு ஒன்று. கடைசிக் கோரிக்கை அன்றைய தேதியில், 1.12க்கு வந்திருந்தது.

மணி அப்போது 1.14.

சாப்பிட்டுவிட்டு வந்த மேனேஜர் கோவிந்தராஜனிடம் கேட்டேன். மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத் ரயில்வே காலனிக்காரர், வாய் ஓயாதவர். அந்தப் பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“ஓவர்டைம்னு ஞாயித்துக்கிழமை வந்தாரு மேடம்,” என்றார் மெதுவாக. “உள்பக்கத் தாழ்ப்பாள் கெட்டுப்போயிருந்துச்சு. நாங்க திங்கக்கிழமை காலையிலதான் கதவத் திறந்தோம்.”

“ராத்திரி பூரா யாரும் தேடலையா சார்?”

“யாரு தேடுறது? வீட்டுல ஒண்டிக்கட்டை. இங்க சூபர்வைசர் போஸ்ட் அப்ப காலி. ஒரு ஃபோன்கூட வரல.” கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கைக்கு மேடம், எதுக்கு இதெல்லாம் தோண்டுறீங்க? பேரத் தூக்கிடுங்க.”

ஒரு ஃபோன்கூட வரவில்லை என்பதுதான் என் நெஞ்சில் போய்த் தைத்தது. அப்படிப்பட்ட வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆறு மணிக்கு, மேனேஜரைத் தவிர எல்லோரும் வீட்டுக்குப் போனபிறகு, பெயரை நீக்கப் பார்த்தேன். ‘உள்ளே இருப்பவரை நீக்க முடியாது’ என்றது திரை. ஆட்களின் பாதுகாப்புக்காக என்று போன வாரம் நானே எழுதிய விதி அது. ஒரே ஒரு வழி இருந்தது. அவருடைய சூபர்வைசர் அனுமதி கொடுக்க வேண்டும்.

“நான் என் பேரைப் போடறேன் சார்.”

“நக்கோ மேடம்,” என்றார் அவர். “வேணாம்.”

சொன்ன கையோடு அட்டையைத் தேய்த்துவிட்டு வேகமாக வெளியே போய்விட்டார். சோதனைக்குத்தானே, அப்புறம் எடுத்துவிடலாம் என்று சூபர்வைசர் இடத்தில் ஷெர்லி என்று என் பெயரை அடித்து, என் வீட்டு முகவரியையும் கொடுத்தேன். அவருடைய கோரிக்கை என் திரையில் வந்து நின்றது. அனுமதித்தேன்.

குளிரறையின் கம்ப்ரஸர் நின்றது.

கீழே, இரும்புக் கதவின் எதிரே, ஒரு விளக்கு எரிந்தது.

நடைபாதையில் யாரும் இல்லை.

முதல் விளக்கு அணைந்தது. அடுத்தது எரிந்தது. பிறகு அதற்கடுத்தது. அவசரமே இல்லாமல், கால் மரத்துப்போன ஒருவர் நடக்கும் வேகத்தில் விளக்குகள் என் பக்கமாக வந்தன. கடைசியில் மாடிப்படி விளக்கு எரிந்தது. கதவுக்கு அடியிலிருந்து என் பாதங்களில் குளிர் ஏறியது.

யாரும் கதவைத் தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் கம்ப்ரஸர் மறுபடி உறும ஆரம்பித்தது. திரையில் உள்ளே இருப்பவர்கள் 0 என்று இருந்தது. லேப்டாப்பை மூடிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

மறுநாள் காலை வீட்டில் உட்கார்ந்து வலைத்தளத்தைத் திறந்தேன்.

புருஷோத்தமன். நுழைந்த நேரம்: நேற்று மாலை 7.20. பணியிடம்: சைனிக்புரி.

முந்தின நாள் 7.20க்குத்தான் நான் வீட்டு கேட்டைத் திறந்தேன்.

மூன்று வாரம் ஆகிறது. கிடங்கில் தினமும் வெளியே விடச் சொல்லிக் கேட்டவர், இங்கே வந்தபிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நானாகவே அவரை வெளியே அனுப்பலாம், அதற்கு ஒரு பட்டன் போதும். பலமுறை அதன்மேல் விரலை வைத்துவிட்டு எடுத்திருக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அழுத்த மனம் வரவில்லை.

நேற்று மாதாப்பூரில் மீட்டிங் இழுத்துவிட்டது. மழை வேறு. எட்டரை மணிக்கு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தபோது கைபேசி அதிர்ந்தது. வலைத்தளத்திலிருந்து ஒரு செய்தி.

ஷெர்லி இன்னும் உள்ளே வரவில்லை. அனுப்பியவர்: புருஷோத்தமன்.

சூபர்வைசர் மட்டுமே அனுப்பக்கூடிய செய்தி அது. நான் எழுதிய விதிப்படி அவருக்குத் தன்னைத் தவிர வேறு யாரையும் பார்க்கும் உரிமை கிடையாது.

வீடு போய்ச் சேர ஒன்பதேகால் ஆகிவிட்டது. தெருவில் மின்சாரம் போய் எல்லா வீடுகளும் இருண்டு கிடந்தன. கேட்டைத் திறந்தேன். என் வீட்டு ஹாலில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.