மயக்கத்தில் வந்தவள்

பதினேழுக்குப் பிறகு பதினெட்டு வரவில்லை.

ஆஸ்பத்திரியின் ஒப்பரேஷன் தியேட்டர்க் கதவுக்கு வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த எல்சி, உள்ளே தன் கணவன் டொமினிக் மூக்கை மூடிய துணிக்கடியிலிருந்து எண்ணுவதைக் கேட்டுத் தானும் கூடவே எண்ணிக்கொண்டிருந்தாள். மயக்கத்துக்கு ஈதர் கொடுக்கும்போது எல்லாரையும் அப்படித்தான் எண்ணச் சொல்வார்கள். குரல் குழறும், எண் தடுமாறும், பிறகு தூக்கம். டொமினிக்கின் குரல் குழறவே இல்லை. பதினேழு என்றான். நிறுத்தினான். சிரித்தான்.

"வந்திட்டியே, என்ர ராசாத்தி!"

பதினொரு வருடத்தில் அவன் எல்சியை ராசாத்தி என்று கூப்பிட்டதில்லை. "இஞ்சேர்" என்பான். கோபம் வந்தால் அதுவும் கிடையாது.

சீனன்குடாவில் வேலையின்போது எண்ணெய்த் தாங்கியின் ஏணியிலிருந்து விழுந்து அவன் தொடை எலும்பு முறிந்து ஆறு நாளாகியிருந்தது. அறுபத்திரண்டாம் ஆண்டில் எலும்பு டொக்டர் கொழும்பிலிருந்து மாதத்தில் ஒரு நாள்தான் வருவார். அவர் எலும்புக்குள் கம்பி ஏற்றிய அந்த இரண்டு மணி நேரமும் எல்சி செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு, மணிகளுக்குப் பதில் மனதில் பெண்களைத்தான் உருட்டிக்கொண்டிருந்தாள். கந்தோரில் டைப் அடிக்கிறவள். நிலாவெளி பஸ்ஸில் அவனைப் பார்த்துச் சிரிக்கிறவள். பூசைக்கு வெள்ளைச் சேலையில் வருகிற அந்த விதவை. சந்தேகப்படுவதில் அவளுக்கு நல்ல பழக்கம் இருந்தது. ஆனால் கையில் அகப்பட்டது இதுதான் முதல் தடவை.

பக்கத்தில் இருந்த கிண்ணியாப் பெண் அசனா அந்தக் குரலைக் கேட்டிருந்தாள்.

"மயக்கம் தெளியிற நேரம் கேளுங்க தங்கச்சி," என்றாள் மெதுவாக. "அந்த நேரம் ஆம்பிளைக்கு ஒண்டும் ஒளிக்கேலாது. எங்கட வார்டில எல்லாப் பொம்பிளையளும் அப்பிடித்தான் கேக்கிறது."

அவனைப் பக்கத்து அறையில் கொண்டுவந்து கிடத்தினார்கள். மரச் சட்டம் போட்ட ஒற்றை யன்னல் பாதி சாத்தியிருந்தது. துறைமுகத்தில் ஏதோ இயந்திரப் படகு டுக்டுக்கென்று போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் வாயிலிருந்து ஈதரின் தித்திப்பு மணம் வந்து, அவள் தொண்டையில் ஒட்டியது. இடது கால் இடுப்புவரை இரும்புச் சட்டத்தில் கட்டியிருந்தது.

தாதி மாகிரட் மிசி எல்சியின் விரல்களைப் பிடித்து அவன் தாடையின் இரு மூலையிலும் வைத்தாள்.

"இப்பிடி முன்னுக்குத் தள்ளிப் பிடியுங்கோ அக்கா. விட்டா நாக்கு பின்னுக்கு விழுந்து மூச்சடைக்கும். தன்ர பேரைக் கேட்டா அவர் சொல்லுமட்டும் கையை எடுக்காதேங்கோ. உள்ள அடுத்த ஆளைக் கிடத்தியாச்சு. நான் ஓடிவாறன்."

"ஓம் மிசி."

அவள் பிடித்தாள். விரல் மரத்தது. பிடித்தாள். அவன் மூச்சு அவள் மணிக்கட்டில் சூடாகப் பட்டது. அவன் பிழைக்க வேண்டும் என்று முழு மனதோடுதான் விரும்பினாள். ஆனால் அந்த ராசாத்தியின் பெயரும் வேண்டும்.

"ஆரப்பா அவள்?"

அவன் உதடு அசைந்தது. அவள் தாடையைத் தள்ளிப் பிடித்திருந்ததால் பல் கிட்டி, சொல் உள்ளேயே நசிந்தது. எல்சி கதவைப் பார்த்தாள். பிடியைத் தளர்த்தினாள். கொஞ்சம்தான்.

குறட்டை எழுந்தது. ஈரமான, இழுபடுகிற குறட்டை. பிறகு நின்றது. நல்லதாய்ப் போயிற்று, இனித் தெளிவாகக் கேட்கும் என்று நினைத்து அவள் கையை முழுதாக எடுத்தாள்.

"ஆர் அவள்?"

"வடிவானவள்," என்றான் டொமினிக். கண் மூடியபடியே இருந்தது. குரல் அவ்வளவு தெளிவு, அவ்வளவு ஆசை.

"எங்க கண்டனீங்கள்?"

"தாங்கி ஏணியில. கீழ நிண்டு வாவெண்டு கூப்பிட்டவள். அதுதான் கையை விட்டனான்."

அவளுக்காக விழுந்திருக்கிறான். அவளுக்காக! எல்சிக்கு அழுகை வந்தது. குனிந்து அவன் முகத்தோடு முகம் வைத்தாள்.

"பேரைச் சொல்லுங்கோ!"

"சொல்ல வேண்டாமாம்."

"ஆர் சொன்னது?"

"அவள்தான். இஞ்சதானே நிக்கிறாள்."

எல்சி திரும்பிப் பார்த்தாள். கதிரை. கைகழுவும் பேசின். சுவர். யாருமில்லை.

அப்போதுதான் கன்னத்தில் அது உறைத்தது. இவ்வளவு கிட்ட அவன் வாய். இவ்வளவு கதை. மூச்சுக் காற்று வரவில்லை.

மூக்கில் விரல் வைத்தாள். இல்லை. நெஞ்சைப் பார்த்தாள். அசையவில்லை. உதடு நீலம். தாடையைப் பிடித்துத் தள்ளினாள். நகரவில்லை. இரும்பாய் இறுகியிருந்தது.

"மிசி! மிசி!"

மாகிரட் ஓடிவந்தாள். கழுத்தைத் தொட்டாள். காதை நெஞ்சில் வைத்தாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது.

"எவ்வளவு நேரமா இப்பிடி?"

"இப்பதான் கதைச்சவர்! இப்ப, இந்த நிமிசம்!"

"கதைச்சிருக்க ஏலாது அக்கா. உடம்பு சில்லிட்டுப் போச்சு."

கட்டில் கிறீச்சிட்டது.

மாகிரட் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். டொமினிக் நகர்ந்துகொண்டிருந்தான். கண் திறக்கவில்லை. கம்பி ஏற்றிய கால் சட்டத்தோடு இழுபட, அங்குலம் அங்குலமாகச் சுவர்ப் பக்கம் ஒதுங்கினான். ஓராள் படுக்குமளவு இடம் விட்டான். நின்றான்.

வெள்ளை விரிப்பு வெறுமையாகக் கிடந்தது.

தலையணையின் ஓரம் தாழ்ந்தது. பிறகு மெத்தையின் நடு. மெதுவாக, நீளத்துக்கு.

அவன் கை எழுந்து, அந்தப் பள்ளத்தின் மேல், படுத்திருக்கிற ஒருத்தியின் இடுப்பளவு உயரத்தில், வெறுங்காற்றின்மேல் வளைந்து படிந்தது.