பழி வாங்க வந்தவள்

“தள்ளி நில்லுடி! இன்னிக்கி எம்புள்ள இந்த வாசப்படியத் தாண்ட மாட்டான்!”

கன்னியம்மாள் இரண்டு கைகளையும் விரித்து நிலைப்படியை மறித்துக்கொண்டு நின்றாள். காலை மணி ஏழுகூட ஆகவில்லை. அதற்குள் அந்த வீட்டில் நடந்த கூத்தைக் கேட்டு எதிர் வீட்டு ஜன்னல் திறந்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

நடந்தது இதுதான். கேஸ் தீர்ந்துவிட்டதென்று மூத்த மகன் கோபால் புது சிலிண்டரைத் தூக்கிவந்து சமையலறையில் ‘தம்’மென்று இறக்கினான். அவ்வளவுதான்! டீ குடித்துக்கொண்டிருந்த இளையவன் டில்லிபாபு டம்ளரை வீசிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பாய்ந்து புகுந்துகொண்டான். “கைய எட்றா பாண்டி… கைய எட்றா!” என்று சுவரில் தலையை முட்டிக்கொண்டு கதறினான். அவன் மனைவி சந்தனமாரிதான் தரையோடு தரையாகத் தவழ்ந்து போய் அவனைக் கட்டிக்கொண்டாள். “ஒண்ணுமில்லங்க… சிலிண்டருங்க… நம்ம வீடுங்க இது…” என்று கால் மணி நேரம் சொல்லிச் சொல்லி வெளியே கொண்டுவந்தாள். இப்போது அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பையோடு வாசலில் நிற்கிறாள். மாமியார் வழிவிட்டால்தானே!

எட்டு மாதத்துக்கு முன்னால் வரை டில்லிபாபு இப்படியா இருந்தான்? ஒரகடத்தில் கார் பாகம் அடிக்கும் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். அவனுக்கு எதிரே நின்று மெஷினில் இரும்பு ஷீட் வைத்துக் கொடுத்தவன் இசக்கிபாண்டி, சந்தனமாரியோடு கூடப்பிறந்த ஒரே தம்பி. அக்காளை நம்பி விளாத்திகுளத்திலிருந்து வந்தவன். ஒரு நாள் மத்தியானம் டில்லிபாபு பட்டனை அழுத்தினான், மெஷின் இறங்கியது, பாண்டியின் கையும் தோளும் உள்ளே இருந்தன. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது.

அன்றிலிருந்து டில்லிபாபுவுக்கு எந்தச் சத்தமும் அந்த மெஷின் சத்தம்தான். “தம்பியக் கொன்னவன்கூடப் பொழைக்கிறவ எனக்கு மவளே இல்ல” என்று சொல்லிச் சந்தனமாரியின் அம்மா போனை வைத்தாள். அப்புறம் பேசவே இல்லை. டாக்டர் மூன்று மாதம் மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்தார், போதவில்லை. மாத்திரையோடு சேர்த்து, தலைக்கு வெளியே காந்த மெஷின் வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சையும் வேண்டும் என்றார். ஞாயிறு தவிர தினமும், முப்பது நாள். அதற்காக சந்தனமாரி, செல்போன் கம்பெனியில் தான் பாடுபட்டு வாங்கிய லைன் லீடர் வேலையை விட்டுவிட்டு, யாருக்கும் வேண்டாத இரண்டாம் ஷிஃப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானம் கம்பெனி பஸ், வீடு திரும்ப நள்ளிரவு. ராத்திரி மாத்திரையை மாமியார்தான் கொடுப்பாள்.

முதல் பத்து நாளில் டில்லிபாபு தேறினான். தூங்கினான். ஒரு நாள் சிரிக்கக்கூடச் செய்தான். ஆனால் இந்த ஆறு நாளாகப் பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது.

“கரண்ட்டு வெச்சி வெச்சி எம்புள்ள மூளையக் கொளுத்திட்டியேடி, பாவி!” என்று கன்னியம்மாள் மாரில் அடித்துக்கொண்டாள். “வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கினு கட்ன தாயத்து! அதக்கூட தெனம் அவுத்துப் போட்டுட்டுத்தான இட்டுக்கினு போறே?”

“கரண்டு இல்ல அத்த, அது காந்தம். எத்தன வாட்டி சொல்லுதது?”

கோபால் தொண்டையைச் செருமினான். “தோ பாரும்மா மாரி. டீக்கடையில நிக்க முடியல. ‘இன்னாப்பா கோபாலு, உன் தம்பிக்குத் தலையில ஷாக்கு வெக்கிறாங்களாமே’ன்னு ஆளாளுக்குக் கேக்கறான். நீ பேசாம உங்க ஊருக்குக் கெளம்பு. சாயங்காலம் நானே பஸ் ஏத்தி உட்றேன். டில்லிய நாங்க பாத்துக்கறோம்.”

“அவ ஏன்டா போவா? வந்த வேல முடியணுமில்ல?” கன்னியம்மாளின் குரல் கிறீச்சிட்டது. “தம்பி செத்ததுக்குப் பழி வாங்கிக்கினு கீறாடா! உசுருக்கு உசுரு கேக்கறா!”

சந்தனமாரிக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. வேறு ஒருத்தியாக இருந்தால் அழுதுகொண்டே அறைக்குள் ஓடியிருப்பாள். இவள் ஓடவில்லை. புருஷன் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஆமா அத்த. பழி வாங்கத்தான் போறேன்!”

“கேட்டியாடா கோபாலு? அவ வாயாலயே…”

“முழுசாக் கேளுங்க! ஒங்க மகன் மேல இல்ல. எந்தம்பி தானாக் கைய நீட்டிச் செத்தாம்னு கம்பெனிப் பேப்பர்ல எழுதி வச்சிருக்கானுவல்ல, அவனுவ மேல! அன்னைக்கு அந்த மெஷின்கிட்ட என்ன நடந்துச்சுன்னு பாத்தது இவிய கண்ணு மட்டுந்தான். இவிய தெளிஞ்சு எந்திரிச்சு நின்னு வாயத் தொறந்தாத்தான் அவன் மேல போட்ட பொய்யி போவும். சாட்சி மட்டும் போதும்னா வக்கீலுகிட்டப் போயிருப்பேன். ஆஸ்பத்திரிக்கு எதுக்கு நாயா அலையுதேன்? எனக்கு எம்புருசனும் வேணும் அத்த! ரெண்டுல ஒண்ணையும் விட மாட்டேன். வழிய விடுங்க!”

கன்னியம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். “அப்போ நானும் வரேன். அங்க இன்னாதான் பண்றேன்னு பாத்துர்றேன்.”

“வாங்க! கண்ணாலயே பாருங்க!”

மூன்று பேரும் தாம்பரம் பஸ்ஸில் ஏறினார்கள். படப்பை தாண்டியதும் டில்லிபாபு தூங்கிவிட்டான். மேடு பள்ளத்தில் அவன் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமல் சந்தனமாரி தன் உள்ளங்கையை நடுவில் வைத்திருந்தாள். மணிமங்கலம் ரோட்டு முனையில் பஸ் குலுங்கியபோது அவளுடைய விரல்தான் கம்பியில் நசுங்கியது. கன்னியம்மாள் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் சலூன் நாற்காலி மாதிரி ஒரு நாற்காலி; பக்கத்தில் மெஷின். அதை இயக்கும் பிரவீனா என்ற பெண், டில்லிபாபுவின் கழுத்துத் தாயத்தைப் பதமாக அவிழ்த்துக் கன்னியம்மாள் கையில் கொடுத்தாள். “காந்தத்துக்குப் பக்கத்துல உலோகம் இருக்கக் கூடாது பாட்டிம்மா. முடிஞ்சதும் உங்க மருமக தினமும் அவங்க கையாலயே கட்டி விடுவாங்க. இன்னிக்கு நீங்க கட்டி விடுங்க.”

கன்னியம்மாள் தாயத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிரவீனா வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். தூங்கினாரா? குடித்தாரா? மாத்திரையில் ஏதாவது மாற்றம்? ஆறு நாளாக மோசம் என்று சந்தனமாரி சொன்னதும் டாக்டர் தென்றலைக் கூப்பிட்டாள். டாக்டர் வந்து காகிதங்களைப் புரட்டினார்.

“மாத்திரை ஒழுங்காப் போயும் இப்படி ஆகுதுன்னா, மெஷினோட அளவைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கணும். ஆனா நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ஒரு வேளைகூட விடலையே? இந்த மாத்திரையைத் திடீர்னு நிறுத்தியிருந்தா, மெஷின் வைக்கும்போது வலிப்பு வரலாம். அபூர்வம்தான். ஆனாலும் அதைத் தெரிஞ்சுக்காம நான் வைக்க மாட்டேன்.”

“ஒரு வேளகூட விடல டாக்டர்,” என்றாள் சந்தனமாரி, சற்றும் தயங்காமல். “ராத்திரி மாத்திரைய எங்கத்ததான் குடுப்பாவ. மகன் விசயத்துல அவிய மறக்கவே மாட்டாவ.”

பிரவீனா மெஷினின் கருப்புக் காந்த வளையத்தை டில்லிபாபுவின் தலைக்கு அருகே கொண்டுபோனாள். அவ்வளவுதான்…

“நிறுத்தும்மா! ஐயோ, நிறுத்து! வெக்காத!”

கன்னியம்மாள் பாய்ந்து போய் மகன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். “அவன் மாத்திர போடல… நான் குடுக்கல… ஆறு நாளா குடுக்கல!”

“அத்த!”

“ரெண்டு வைத்தியம் ஒரே ஒடம்புக்கு ஆவாதுன்னு நெனச்சேன்டி… மிஷினும் வெச்சிக்கினு மாத்திரையும் துன்னா ஒடம்பு வெந்துபூடுமேன்னு… அதத் தூக்கி முருங்க மரத்தாண்ட போட்டுட்டு, எனக்குக் குடுத்த சத்து மாத்திரய அவன் கையில குடுத்தேன்… அதுவும் வெள்ளையாத்தான கீதுன்னு…”

வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது! பெற்றவள் அல்லவா, கேடு நினைத்துச் செய்யவில்லை. அதற்காக ஆறு நாள் அவன் பட்ட பாடு இல்லையென்று ஆகிவிடுமா?

சந்தனமாரி கோபத்தோடு மாமியார் பக்கம் திரும்பினாள். “ஷிஃப்ட் முடிஞ்சு வந்து செருப்பக் கழட்டும்போதே கேப்பேனே அத்த… ‘மாத்திர போட்டாவளா’ன்னு… ‘போட்டான், போட்டான்’னு சொன்னியளே! அந்த வாயாலதான இன்னைக்குக் காலையில என்னையப் பழிகாரின்னிய? இப்பக்கூட டாக்டர்கிட்ட ஒங்களுக்காக நெஞ்சத் தொட்டுச் சொன்னேனே!”

கன்னியம்மாள் அப்படியே தரையில் சரிந்து மருமகளின் காலைப் பிடிக்கப் போனாள். சந்தனமாரி சட்டென்று விலகிக்கொண்டாள்.

“கால்ல விழாதிய. அதெல்லாம் எனக்கு வேண்டாம். வீட்டுக்குப் போயி, கோபால் மாமா முன்னால நின்னு, நீங்க செஞ்சத நீங்களே சொல்லுங்க. அது போதும்.”

அப்போதுதான் நாற்காலியிலிருந்து டில்லிபாபுவின் குரல் வந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

“அம்மா… இனிமே எம்மாத்திரய நானே போட்டுக்கறேன்.”

அன்று மெஷின் வைக்கவில்லை. மறுபடி மாத்திரையைத் தொடங்கி, உடம்பு பழகிய பிறகு தொடரலாம் என்றார் டாக்டர். “கெட்டுப் போகலைம்மா. கொஞ்சம் தள்ளிப் போகுது, அவ்வளவுதான்.” வீடு திரும்பியதும் கன்னியம்மாள் கோபாலிடம் ஒன்று விடாமல் சொல்லி அழுதாள். “அவள ஊருக்கு அனுப்பணும்னா என்னையும் சேத்து அனுப்புடா” என்றாள். கோபால் சிலிண்டரைப் பார்த்தபடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

பத்து வாரம் கழித்து, பாண்டி செத்ததைப் பற்றிய தொழிலாளர் துறை விசாரணைக்கு அழைப்பு வந்தது.

அதிகாரியின் மேசைக்கு முன்னால் டில்லிபாபு நின்றான். முப்பது நாள் சிகிச்சையும் முடிந்துவிட்டதென்று பயம் ஒரேயடியாக ஓடிப்போய்விடவில்லை. ஆனால் இப்போது அவனால் நிற்க முடிந்தது.

“டார்கெட் கொறையுதுன்னு சூபர்வைசர் வந்து சென்சார ஆஃப் பண்ணாரு சார். கை உள்ள இருந்தா மிஷினத் தடுக்கிறது அதுதான். பாண்டி அப்போ டீக்குப் போயிருந்தான். திரும்பி வந்தவன், சென்சாரு கீதுன்னு நம்பித்தான் கோணலா வுழுந்த ஷீட்ட எடுக்கக் கைய வுட்டான்.” சந்தனமாரியைப் பார்த்தான். “ஆஃப்ல ஓடுதுன்னு நான் அவனுக்குச் சொல்லல சார். அது என் தப்பு. அதையும் எழுதிக்குங்க.”

கட்டிலுக்கு அடியில் அவன் உளறிய முதல் வாரத்திலேயே சந்தனமாரிக்கு அது தெரியும். தெரிந்துதான் அவள் அவனுடன் தவழ்ந்தாள். ‘சொல்லுங்க’ என்று தலையை அசைத்தாள்.

கம்பெனித் தரப்பு வக்கீல் எழுந்தார். “சார், இவர் மனநோய்க்கு மாத்திரை சாப்பிடறவர். தலைக்கு மெஷின் வெச்சுக்கிட்டவர். இறந்தவரோட அக்காதான் இவர் சம்சாரம். இவர் பேச்சை எப்படி நம்பறது?”

“நேத்து ராத்திரியும் மாத்திர போட்டுக்கினேன் சார்,” என்றான் டில்லிபாபு. “இன்னிக்கி ராத்திரியும் போடுவேன். பாண்டி கை எங்க இருந்துச்சின்னு எனக்கு நல்லாத் தெரியும்.”

“ஆமாய்யா!” பின்வரிசையிலிருந்து கன்னியம்மாள் எழுந்துவிட்டாள். மகனை ஆஸ்பத்திரிக்கு விட மாட்டேனென்று வாசலை மறித்தவள், இன்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள். “மாத்திரையும் துன்னான், மிஷினும் வெச்சான்! அதனாலதான்யா உங்க எதிர்ல எழுந்து நிக்கிறான்! ரெண்டும் எம்மருமவ குடுத்தது! தம்பியத் தூக்கிக் குடுத்துட்டு எம்புள்ளய மீட்டுக் குடுத்தாய்யா! அவ தம்பி மேல இன்னொரு தபா பழி போட்டா, நாக்க அறுத்துடுவேன்!”

“உட்காருங்கம்மா… உட்காருங்க,” என்றார் அதிகாரி. பிறகு வக்கீலைப் பார்த்தார். “அவர் தடுமாறாமத்தான் பேசறார். சொன்னதை அப்படியே எழுதிக்கிறேன்.”

வெளியே வந்ததும் சந்தனமாரி படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். திடீரென்று குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள். பத்து மாதத்துக்கு மேலாகத் தேக்கி வைத்த அழுகை! கன்னியம்மாள் பதறிப்போய் அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள்.

“இன்னாடி கண்ணு… அதான் எல்லாம் சொல்லிட்டானே… இப்ப ஏன்டி அழுவுறே?”

“எந்தம்பி அத்த… எந்தம்பி…” சந்தனமாரிக்கு மூச்சு வாங்கியது. “இப்பத்தான அத்த எனக்கு அழுவதுக்கு நேரம் கெடச்சிருக்கு!”

டில்லிபாபு அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டான். அவள் ஏற வேண்டிய இரண்டாம் ஷிஃப்ட் கம்பெனி பஸ் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. அன்று யாரும் எழுந்து ஓடவில்லை.